கல், மரம், வர்க்கி

அன்று மரகதம் அம்மாளிடம் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "உங்களை எழுப்பி நிறுத்தச் சொன்னது அவர்தான்." டாக்டர் கனகராஜின் உடல் அவர் வீட்டு முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. எங்கள் பழைய நோயாளியான மரகதம் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுதார். பிறகு என் பக்கம் திரும்பிச் சில வார்த்தைகள் சொன்னார். அவை என்ன என்பதை அதன் இடத்தில் எழுதுகிறேன். காலையில் டாக்டருக்காக அழுதிருந்த நான் மாலையில் அழவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

காலையில் செய்தி வந்தபோது நான் குன்னூரில், எங்கள் மருத்துவமனையின் பிசியோதெரபி அறையில் இருந்தேன். தோள் இறுகிப்போன ஒரு பள்ளி ஆசிரியைக்குக் கையைத் தூக்கப் பழக்கிக்கொண்டிருந்தேன். ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் பிந்து கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். கூடலூர்க்காரர், பதற்றமானால் மலையாளம் முந்திக்கொள்ளும். "மோளே, நம்ம சார் போயி," என்றார். "நெஞ்சு வலின்னு சொன்னாராம். இங்க வந்து எத்துறதுக்குள்ள முடிஞ்சு."

ஆசிரியையின் கை என் கைக்குள் அந்தரத்தில் நின்றது. "ஐயோ, அந்த எலும்பு டாக்டருங்களா?" என்றார் அவர். "எங்க மாமனாருக்கு இடுப்புல ஸ்குரூ வச்சது அவருதானுங்க." அந்தக் கையைத் தலையணை மேல் இறக்கி வைத்துவிட்டு நான் ஜன்னல் பக்கம் போய் அழுதேன். ஆசிரியை தன் நல்ல கையால் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

டாக்டருடைய நண்பர்கள் நினைவு மலர் ஒன்று கொண்டுவருகிறார்கள். "நீங்க நாலு வார்த்தை எழுதிக் குடுங்க, உங்க மேல அவருக்குத் தனிப் பிரியம்," என்று கேட்டார்கள். நாலு வார்த்தையில் முடியவில்லை. அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நோயாளியின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். அச்சில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் அவர் என் அறைக்கு ஒரு கண்ணாடி வளையலோடு வந்தார். "இத ஒரே ஒரு எடத்துல மட்டும் ஒடச்சுக் காட்டு, அம்மணி," என்றார். துணியில் சுற்றி மேசை விளிம்பில் தட்டினேன். பிரித்துப் பார்த்தபோது துண்டுகள். இன்னொன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். அதுவும் துண்டுகள். அவருக்கு அது அலுக்காத வேடிக்கை. புதிதாக வருகிற எல்லாரிடமும் செய்து காட்டுவார் என்று பின்னால் தெரிந்தது. "இடுப்பும் வளையந்தான். முன்னால ஒரு விரிசல் கண்ணுக்குத் தெரிஞ்சா, பின்னால ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். தெரியறதோட நின்னுட்டீன்னா ஆள் போயிருவான்."

இந்த மலையில் இடுப்பு உடைவதற்குக் காரணங்கள் நிறைய. ஜீப் கவிழும், ஈரப் பாறையில் கால் வழுக்கும், காட்டெருமை முட்டும். உடைந்த இடுப்புக்குள் ரத்தம் சத்தமில்லாமல் தேங்கிக்கொண்டே போகும். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகிற கொண்டை ஊசி வளைவுகளில் பர்லியார் தாண்டுவதற்குள் சிலர் முடிந்துவிடுவார்கள். அவர்களை இங்கேயே நிறுத்தி, வளையத்தைச் சேர்த்துப் பிடிக்க ஒருவர் இருந்தார். அந்த ஒருவர்தான் டாக்டர் கனகராஜ்.

அவர் செய்த வேலையைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் எங்களுக்குள் நடந்தது அதைச் சார்ந்தது. பக்கவாட்டில் ஒரு சிறு கீறல் போட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி முதலில் ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்துவார்கள். அந்தக் கம்பியை வழியாக வைத்து, விரல் நீளத்துக்கு ஒரு ஸ்குரூவை இடுப்பின் இறக்கையிலிருந்து முதுகின் அடி எலும்புக்குள் இறக்குவார்கள். ஸ்குரூ சரியான இடத்தில் இருக்கிறதா என்று திரை காட்டும். அது எலும்பைப் பிடித்திருக்கிறதா என்று காட்டாது. பிடிப்பு, எலும்பின் அடர்த்தியில் இருக்கிறது. நெருக்கமான எலும்பில் மரை கடித்து நிற்கும். உள்ளே அரித்துப்போன எலும்பில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அடர்த்தியை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. அதற்குக் கீழே கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டும்.

டாக்டர் மோட்டாரை முன்பே நிறுத்திவிடுவார். கடைசிச் சுற்றுகள் எப்போதும் கையால்தான். "மோட்டாருக்கு ஒண்ணுந் தெரியாது. என்ற வெரலுக்குத்தான் தெரியும்," என்பார். அறுவை முடிந்ததும் பச்சைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் வந்து நின்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவார். மூன்று சொற்களில் ஒன்று. "கல்லு" என்றால் மறுநாளே நோயாளியை நிறுத்தலாம். "மரம்" என்றால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பாதி எடையோடு. "வர்க்கி" என்றால், எங்கள் பேக்கரிகளில் விற்கிற, தொட்டாலே அடுக்கடுக்காக உதிர்கிற அந்த வர்க்கிதான்: வாரக்கணக்கில் காலை ஊன்றவே கூடாது.

இந்தச் சொற்கள் எந்தத் தாளிலும் ஏறியதில்லை. கேஸ் ஷீட்டில் எல்லாருக்கும் ஒரே வரிதான்: பிசியோதெரபி தொடங்கலாம். மற்ற ஊர்களில் இப்படிச் செய்யமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நாங்கள் இப்படித்தான் வேலை செய்தோம், நான் அதில் பெருமைகூடப் பட்டேன். அவர் விரலில் உணர்ந்தது அந்த ஒரு சொல்லில் எனக்கு வந்துசேர்கிறது என்று நம்பினேன்.

தெப்பக்காட்டிலிருந்து ஒரு யானைப் பாகனைக் கொண்டுவந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். யானைக்கும் மரத்துக்கும் நடுவில் சிக்கி இடுப்பு நசுங்கியிருந்தது. ஸ்குரூ வைத்த மறுநாள் டாக்டர் கட்டிலருகே நின்று, "ஏப்பா, யானை மேல கோவமா?" என்று கேட்டார்.

"அதுக்கென்னங்க தெரியும். ஒடம்பு அரிச்சிருக்கு, மரத்துல தேச்சுது. நடுவுல நான் நின்னுட்டேன்."

"அப்பக் கேச உன்ற மேலதான் போடோணும்."

வார்டே சிரித்தது. பாகன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க சார், ஸ்குரூ கழண்டுரும்," என்றார். "அது எப்படிக் கழலும்? கல்லு!" என்று என்னைப் பார்த்தார் டாக்டர். அன்று மாலையே பாகனை நிறுத்தினேன். பின்னொரு நாள் ஊட்டிக்கு வந்த வழியில் எங்களைப் பார்க்க வந்தவர், யாரும் கேட்காமலே நடந்து காட்டினார். சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தும் காட்டினார்.

இன்னொரு முறை இத்தலாரிலிருந்து வந்த கேரட் விவசாயி ஒருவர் என் கையைத் தட்டிவிட்டார். "இந்தப் புள்ளையா என்னையத் தூக்கி நிறுத்தப் போகுது? டாக்டரு வரட்டும்ங்க." டாக்டர் அப்போது வராந்தாவில் போய்க்கொண்டிருந்தார். உள்ளே தலையை நீட்டி, "ஏனுங்க, ஸ்குரூ வக்கிறதுதான் நானு. நடக்க வக்கிறது அவ. அவ சொன்னா நான் சொன்ன மாதிரி. எந்திரிங்க," என்றார். விவசாயி வெட்கப்பட்டுக்கொண்டே கையை நீட்டினார். அதற்குப் பிறகு அந்த வார்டில் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. என் தொழிலில் இதைவிடப் பெரிய உதவி கிடையாது. உடைந்த இடுப்போடு இருப்பவர் முதன்முறை எடையைக் காலில் இறக்கும்போது, எதிரே கைநீட்டி நிற்கிறவரை அவர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை இல்லையென்றால் என்னிடம் வேறு கருவி எதுவும் இல்லை.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன். "இன்னைக்கு என்ன பொஸ்தகம்?" என்று கேட்பார், பதிலுக்குக் காத்திருக்கமாட்டார். ஒருமுறை ஒரு நாவலை வாங்கிக்கொண்டுபோய், மறுநாள் திருப்பித் தந்தார். கடைசிப் பக்கத்தை மட்டும் படித்திருந்தார். "முடிவு நல்லால்ல. அதான் மத்ததப் படிக்கல." அன்று தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "உன்ற கிட்ட ஒண்ணு அம்மணி, உள்ள போனது வெளிய வராது. படிக்கிறவங்க அப்படித்தான்." நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

தென்மேற்கு மழை தொடங்கிய சமயத்தில் மரகதம் வந்தார். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து மூட்டைகளோடு ஆட்களையும் ஏற்றிவந்த பிக்கப் சரிவில் சாய்ந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புகள்தான். மரகதத்துக்கு இடுப்பு வளையம் முன்னும் பின்னும் விட்டிருந்தது. அறுபதை நெருங்குகிறவர். சிறுமியாக இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அந்தப் பேச்சு இன்னும் அவரிடம் இருந்தது.

"மிஸ், எனக்கு இங்க படுத்துக் கெடக்க ஏலாது," என்றார் முதல் நாளே. "லயத்து வீட்டுல நான் ஒருத்திதான். மக கட்டிக்குடுத்த எடத்துல இருக்கா. கக்கூசுக்குப் படி எறங்கணும். என் காலால போயி வந்தாப் போதும் மிஸ், வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எலும்பு வெண்மையாகத் தெரிய வேண்டிய இடங்களில் மூடுபனிபோல் ஒரு சாம்பல்தான் இருந்தது. அறுவைக்கு முன் டாக்டரிடம், "இவங்களுக்கு அடர்த்தி பார்த்துட்டுச் செய்யலாமா சார்?" என்று கேட்டேன்.

"எதுக்கு? கீழ எறக்கி, ஒரு நம்பர வாங்கிட்டு, மறுக்கா மேல ஏத்தறதுக்கா?"

"சி.டி. படத்துலயே ஓரளவு கண்டுபிடிக்கலாம்னு படிச்சேன் சார்."

"படிச்சியா? சரி, படி," என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அறுவை முடிந்து வாசலில் வந்து நின்றார். அன்று சொல் உடனே வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினார். பிறகு, "மரம்," என்றார்.

"மரமா சார்? வர்க்கின்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"திருகுனது நானா, நீயா?"

நானும் சிரித்துவிட்டேன். "மரம்" என்ற சொல்லுக்கு உரியபடி, சில நாள் கழித்து மரகதத்தை வாக்கரைப் பிடிக்கவைத்து நிறுத்தினேன். "புடிச்சுக்க புள்ள, புடிச்சுக்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தவர், நின்றதும் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "என்னா இது, எரவல் வாங்குன காலு மாதிரி இருக்கு," என்றார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். மிஸ்ஸாக இருந்த நான் அந்த நிமிடத்திலிருந்து அவருக்குப் புள்ளையானேன். வாக்கரோடு வீட்டுக்குப் போனார்.

மழை முடிவதற்குள் ஸ்ட்ரெச்சரில் திரும்பி வந்தார். புதிய படத்தில் ஸ்குரூவின் தலை எலும்பை விட்டு வெளியே தள்ளி நின்றது. சேர்ந்திருந்த வளையம் மறுபடி விலகியிருந்தது. மகள் புஷ்பா டாக்டரின் அறையில் கத்திக்கொண்டிருந்தாள். என்னையும் வரச் சொன்னார்கள்.

"நல்லா நடந்துட்டிருந்தவங்க சார்! இப்பப் பாருங்க, பொரண்டு படுக்க முடியல. யாரு செஞ்ச தப்பு இது? சொல்லுங்க!"

டாக்டர் கத்தவில்லை, தடுமாறவில்லை. படத்தை மேசைமேல் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நான் இவ்வளவு சீக்கிரம் நிறுத்தச் சொல்லலீங்க. பிசியோல கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க."

அவசரப்பட்டுட்டாங்க. என்னை ஒருமையில் மட்டுமே அழைத்தவர், வேறு ஏதோ ஊர் ஆளைப்பற்றிச் சொல்வதுபோல் மரியாதையாகச் சொன்னார். ஸ்ட்ரெச்சரிலிருந்து மரகதம் தலையைத் திருப்பி, "அப்புடியா புள்ள?" என்று என்னைக் கேட்டார். நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் முன்னால் அவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏதோ யோசித்துத்தான் இப்படிச் சொல்கிறார், பிறகு என் அறைக்கு வந்து சரிசெய்வார் என்று எண்ணினேன். அவர் மாலையில் வந்தார். வாசலில் நின்று, "டீ குடிச்சியா, அம்மணி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மரகதத்தைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பழைய ஸ்குரூவை எடுத்துவிட்டு, மறுபக்கம் வரை போகிற நீளமான ஒன்றை வைத்து, அதைச் சுற்றி எலும்புக்குள் சிமெண்ட் செலுத்தினார்கள். எலும்பு வலுவிழந்திருப்பது யாருடைய குற்றமும் இல்லை. அதற்கு இப்படி வழிகள் இருக்கின்றன. எதுவும் இல்லையென்றாலும், "வர்க்கி" என்று ஒரு சொல் எனக்குக் கிடைத்திருந்தால் நான் அவரைக் கட்டிலைவிட்டு இறக்கியிருக்கமாட்டேன்.

எலும்பு வார்டுக்கு என்னை அனுப்புவதை நிர்வாகம் நிறுத்தியது. "கொஞ்ச நாளைக்குத்தான்," என்றார்கள். கழுத்து வலி, தோள் வலிக்காரர்கள் மட்டும் எனக்கு வந்தார்கள். ஒருநாள் ஆள் குறைவு என்று வார்டுக்குக் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவர் என்னைக் கண்டதும், "ஏனுங்க, அந்த அவசரக்கார அம்மாங்களா? வேண்டாங்க, நான் படுத்தே இருந்துக்கறேன்," என்று போர்வையை இழுத்துக்கொண்டார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. டாக்டர் அன்று ரவுண்ட்ஸில் இருந்தார். உள்ளே தலையை நீட்டவில்லை.

அப்போதும் அவர் விரல் தவறியிருக்கலாம், யாருக்கும் தவறும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிந்து சிஸ்டர்தான் அந்த ஆறுதலையும் எடுத்துவிட்டார். கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து வெகுநேரம் கரண்டியைத் தம்ளருக்குள் சுற்றிக்கொண்டிருந்தார். "மோளே, எனக்கு இது தாங்கல. சாரோட விரல்ல ஒண்ணும் தெரியல்லா. சுகர். போன வருசத்துல இருந்தே. ஸ்குரூ திருகும்போ என்கிட்டக் கேக்கும், 'நின்னுச்சா சிஸ்டர்?'னு. ஸ்குரூ தலை உள்ள போயி உக்காந்தது கண்டா நான் 'ஆமா சார்'னு சொல்லும். பிடிச்சுதோ இல்லையோ எனக்கு எங்ஙன தெரியும்?"

கண்ணால் பார்த்துச் சொன்ன ஒரு "ஆமா சார்," தியேட்டரிலிருந்து என் அறை வாசலுக்கு வருவதற்குள் "கல்லு" என்றும் "மரம்" என்றும் மாறியிருக்கிறது. அந்த ஒரு வருடத்தில் நான் கைபிடித்து நிறுத்தியவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவர்கள் நின்றது அவர்களுடைய எலும்பு நன்றாக இருந்ததால். என்னை நம்பியதாலும் இல்லை, நான் அவரை நம்பியதாலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வீட்டுக்குப் போனேன். வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஸ்வெட்டரின் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தார். பொத்தான் துளைக்குப் பக்கத்தில் வந்து வந்து விலகியது. மற்ற யாராக இருந்தாலும் உதவியிருப்பேன். அன்று நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"தெரிஞ்சிருச்சாக்கும்," என்றார்.

"ஏன் சார் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா மறுநாளே தியேட்டர மூடிருவாங்க. அப்புறம் இடுப்பு ஒடைஞ்சு வர்றவனுக்கு யாரு இருக்கா? பர்லியார்ல ரத்தம் போயிக் கெடப்பான். கை பாதி போன டாக்டரு, டாக்டரே இல்லாததுக்கு மேலதான?"

"சரி சார். என்னை ஏன் சொன்னீங்க?"

பொத்தானை விட்டுவிட்டார். "என்ற பேரு போனாத் திரும்ப வராது. நீ சின்ன வயசு. எந்திரிச்சுக்குவ." பிறகு, "நீ வாயத் தொறக்க மாட்டீன்னும் தெரியும்," என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கேலி இல்லை, தந்திரமும் இல்லை. தெரிந்த ஒன்றைச் சொன்னார். "ஊருக்குச் சொல்ல வேண்டாம் சார். அந்த அம்மாகிட்ட மட்டும் சொல்லிருங்க," என்றேன். "போயிச் சொல்றேன் அம்மணி. நானே போறேன்," என்றார்.

அதோடு அறுவை செய்வதை நிறுத்தினார். ஓய்வு வேண்டும் என்று எல்லாரிடமும் சொன்னார். நீங்களும் அப்படித்தான் அறிந்திருப்பீர்கள். அவர் நிறுத்திய பிறகு, ஜீப் கவிழ்ந்த ஒரு இளைஞனை ஆம்புலன்ஸில் கீழே கொண்டுபோனார்கள். பர்லியார் வரும்போது உயிர் இல்லை. அவர் சொன்ன காரணம் பொய்யல்ல என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

கொஞ்ச நாளில் அவருடைய டிரைவர் என்னிடம், "ஐயாவக் கோத்தகிரி லயத்துக்குக் கூட்டிட்டுப் போனனுங்க, அந்த இடுப்பு அடிபட்ட அம்மாவப் பார்க்க," என்றார். எனக்குள் இறுகியிருந்தது அன்று தளர்ந்தது. டாக்டரை வழியில் கண்டால் மறுபடி வணக்கம் சொன்னேன். அவரும் "என்ன பொஸ்தகம்?" என்று கேட்கத் தொடங்கினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று நம்பித்தான் செய்தி வந்த காலையில் ஜன்னலோரம் நின்று அழுதேன்.

அன்று மாலை கண்ணாடிப் பெட்டியின் அருகே மரகதம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது:

"வா புள்ள. நீ பயப்படாத, ஒன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஐயா லயத்துக்கே வந்தாரு, பழமெல்லாம் வாங்கிக்கிட்டு. 'சின்னப் புள்ள மரகதம், அவசரத்துல செஞ்சிருச்சு, மனசுல வச்சுக்காத'ன்னு என் கையப் புடிச்சுச் சொன்னாரு. சொல்லும்போதே கண்ணுல தண்ணி வந்துருச்சு அவருக்கு. ஒனக்காக அழுதாரு புள்ள. அன்னைக்கே ஒன்ன மன்னிச்சுட்டேன்."

சுற்றிலும் நீங்கள் பலர் இருந்தீர்கள். சிலர் என் தோளைத் தொட்டுத் தலையசைத்தீர்கள். அவருடைய மனைவி பக்கத்தில் இருந்தார். நான் மரகதத்தின் கையைப் பிடித்தபடி நின்றேன்.

அவர் அங்கே உண்மையைச் சொல்லத்தான் புறப்பட்டுப் போயிருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன். அந்த அழுகை எனக்கானது இல்லை என்றும் தெரியும். ஆனால் அறையில் புஷ்பா கத்தியபோது சொன்னது பயத்தில் சொன்ன பொய். லயத்துக்குத் தேடிப் போய், கையைப் பிடித்து, கண்ணீரோடு சொன்னதற்கு நான் என்ன பெயர் வைப்பது? முதல் பொய்யில் என் பேர் போனது. இரண்டாவதில், எனக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுத்து, நான் இனி எதைச் சொன்னாலும் நன்றிகெட்டவளாகும்படி செய்துவிட்டுப் போனார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பவை சில உண்டு. படத்தில் தெரிவதைத் தாண்டித் தேடும் கண் அவர் கொடுத்தது. வலியில் இருப்பவரைச் சிரிக்கவைத்துவிட்டு எழுப்பும் வழி அவருடையது. என் அறையில் தினமும் அதைத்தான் செய்கிறேன். இப்போது கோயம்புத்தூரிலிருந்து வாரம் ஒருமுறை வரும் இளம் டாக்டரிடம், எலும்பின் அடர்த்தி என்ன, ஸ்குரூ பிடித்ததா இல்லையா, எவ்வளவு எடை ஊன்றலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறேன். "என்மேல நம்பிக்கை இல்லையா மேடம்?" என்று கேட்கிறார். இல்லை என்று சொல்கிறேன். அதையும் டாக்டர் கனகராஜிடமிருந்துதான் பெற்றேன்.

இதை எழுதி முடித்த பிறகு, உங்களிடம் கொடுப்பதற்கு முன், கோத்தகிரி பஸ் ஏறி மரகதத்தைப் பார்க்கப் போனேன். அச்சில் பார்ப்பதற்கு முன் என் வாயால் அவர் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன்: மூன்று சொற்களை, உணர்ச்சி போன விரல்களை, "மரம்" என்று அவர் வாசலில் நின்று சொன்னதை. "உங்களை நிறுத்தச் சொன்னது அவர்தாம்மா," என்றேன்.  மரகதம் அடுப்பிலிருந்து தேநீரை இறக்கி, ஊற்றி, என் பக்கம் நகர்த்தினார்.

"ஒன்னத்தான் மன்னிச்சாச்சே புள்ள," என்றார். "இன்னும் என்னாத்துக்குச் செத்த மனுசன இழுக்குற?"

தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்து என்னை வழியனுப்பினார். அவருடைய இடது காலில் இன்னும் முழு எடை இறங்கவில்லை.